விற்பனை வரி பிறந்த கதை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் முறுக்குக் கம்பி ஏற்றிய லாரி ஆரம்பாக்கம் தாண்டித் தடாவில் சரக்கை இறக்கினால், அதற்கான வரியில் மாநிலப் பங்கு ஆந்திரத்துக்குப் போகும். அங்கிருந்து இங்கே வரும் சரக்குக்கு நமக்கு. உற்பத்தி செய்த இடத்துக்கு அல்ல, நுகரும் இடத்துக்கே வரி என்பது 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. விதி. இதற்கு மூத்ததான விற்பனை வரி பிறந்தது சென்னை மாகாணத்தில்தான்; அதற்குக் காரணம் ஒரு தேர்தல்.

1937 தேர்தலில் எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. பெரும்பாலும் வரி கட்டுவோர், சொத்துள்ளோர், எழுதப் படிக்கத் தெரிந்தோர்தான் வாக்காளர்கள். மதுவிலக்கை முழங்கிய காங்கிரஸ் வென்றது. ராஜாஜி பிரதமரானார் (முதல்வரை அப்போது அப்படித்தான் அழைத்தார்கள்). அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. அடுத்தடுத்து வேறு மாவட்டங்களிலும். கள், சாராய வருமானம் போனது. நிலவரியைக் கூட்டினால் ஓட்டுப் போட்ட விவசாயி பொறுக்கமாட்டார். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டமோ சரக்கு விற்பனைக்கு வரி போடும் அதிகாரத்தை மாகாணங்களுக்குக் கொடுத்திருந்தது. 1939இல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவின் முதல் பொது விற்பனை வரி அதுதான். ஓட்டில்லாத கூலிக்காரரும் கடையில் சாமான் வாங்கும்போது அதைச் சுமந்தார்.

வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வந்த பிறகே வரிப்பணம் ஏழை வீட்டுப் பக்கம் திரும்பியது. 1956இல் காமராஜரின் மதிய உணவு, 1967இல் அண்ணாவின் ரூபாய்க்கு ஒரு படி அரிசி, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. விற்பனை வரியைப் போட்டவர்களும் செலவழித்தவர்களும் ஒரே கோட்டையில் இருந்தார்கள். பிடிக்காவிட்டால் மாற்றும் பலம் நம்மிடம் இருந்தது. அதைப் பெரிய உரிமையாகவே நான் நினைக்கிறேன்.

இன்று விகிதத்தைப் பேசி முடிப்பது ஜி.எஸ்.டி. கவுன்சில். அங்கே வாக்கில் மூன்றில் ஒரு பங்கு ஒன்றிய அரசுக்கு. மீதி எல்லா மாநிலங்களுக்கும் சமமாக. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். மாநிலம் தனியே விற்பனை வரி விகிதம் வைக்க எஞ்சியவற்றில் முக்கியமானவை பெட்ரோல், டீசல், மது. மது வருமானத்தை விட்டொழிக்கப் பிறந்த வரி கைமாறிவிட்டது. மது வரி கோட்டையிலேயே தங்கிவிட்டது. டாஸ்மாக்கை மூடச் சொல்லும் பெண்களுக்கு எந்த ஆட்சியும் நேரான பதில் சொல்லத் திணறுவதற்கு இதுவும் பெரிய காரணம்.

கும்மிடிப்பூண்டியிலோ பொன்னேரியிலோ ஓட்டுக் கேட்டு வருபவரிடம் சாலை, குடிநீரோடு இதையும் கேளுங்கள்: உங்கள் கட்சி ஆட்சிக்கு வந்தால் கவுன்சிலில் எங்களுக்காக என்ன பேசும்?