விதையின் ஆயுளும் ஒன்பது கன்றுகளும்

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் கப்பலையும் கங்காணியையும் முதலில் கூறுவர். அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது ஒரு விதை. பழுப்பு நிறத்தில் வரியும் புள்ளியும் கொண்ட இரப்பர் விதை, தோற்றத்தில் கொட்டைப்பாக்கை ஒத்தது. ஆயுளிலோ மிகக் குறுகியது. நெல்லைக் குதிரில் இட்டுவைத்து அடுத்த பருவத்தில் விதைக்கலாம். இரப்பர் விதையை அவ்வாறு காக்க இயலாது. எண்ணெய் மிகுந்த அதன் பருப்பு, மரத்தினின்று விழுந்த சில வாரங்களிலேயே முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். பேராக் மாநிலத்தின் முகத்தை மாற்றிய தொழில், இக்குறுகிய ஆயுளை வென்றதனால் பிறந்ததாகும்.

தென்னமெரிக்க அமேசான் காடுகளில் தானாக வளர்ந்த மரம் அது. 1873இல் ஏறத்தாழ 2,000 விதைகள் இலண்டனை அடுத்த கியூ தாவரவியல் பூங்காவிற்கு வந்தன. முளைத்தவை 12 மட்டுமே. அவற்றுள் கல்கத்தாவிற்கு அனுப்பப்பட்ட ஆறு கன்றுகளும் மடிந்தன. 1876இல் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர், பிரேசிலின் தப்பாஜோஸ் ஆற்றுப் பகுதியில் ஏறத்தாழ 70,000 விதைகளைத் திரட்டினார். உள்ளூர் மக்களே அவற்றைச் சேகரித்தனர். உலர்ந்த வாழையிலைகளின் இடையே அடுக்கப்பட்டுக் கூடைகளில் கப்பலேறிய அவ்விதைகள், அவ்வாண்டு ஜூன் மாதம் கியூவை அடைந்தன. இத்தனை விரைவு காட்டியும் முளைத்தவை ஏறத்தாழ 2,700. நூற்றுக்கு நான்கு கூட இல்லை. விதையாகக் கடல் கடப்பதைவிடக் கன்றாகக் கடப்பதே நன்று என்பது தெளிவாயிற்று. 1,900க்கும் மேற்பட்ட கன்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்குப் பயணமாயின.

1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்பது பேராக் மாநிலத்துக் கோலகங்சாருக்குக் கொண்டுவரப்பட்டு, பிரிட்டிஷ் ஆலோசகரான ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. அந்த ஒன்பதும் வளர்ந்து பூத்துக் காய்த்தபோது பெரும் தடையொன்று நீங்கியது. விதை இனிக் கடல் கடக்க வேண்டியதில்லை. விழுந்த மண்ணிலேயே, உயிர் இருக்கும்போதே விதைக்கலாம்.

எனினும் இருபது ஆண்டுகள் அதனைப் பொருட்படுத்தியோர் சிலரே. தோட்டக்காரர்களின் நாட்டம் காப்பியில் இருந்தது. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். காண்போரிடமெல்லாம் விதை கொடுத்து நடுமாறு வற்புறுத்தினார். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் இரப்பரைப் பயிரிட முன்வந்தார். பிரேசில் காப்பியின் போட்டியால் விலை வீழ்ந்தது; மோட்டார் வண்டிகளுக்குச் சக்கர உறை தேவைப்பட்டது. காப்பி இருந்த இடத்தில் இரப்பர் எழுந்தது. பேராக்கின் காடுகள் தோட்டங்களாயின. அத்தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்தனர்.

வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இங்கே பால் வெட்டுக்குத் தாவிவிடுகின்றன. இடையில் ஒரு பெரும்பணி இருந்தது. பூத்து ஏறத்தாழ ஐந்து மாதங்களில் காய் முற்றும். வெயிலில் படீரென வெடித்து மூன்று விதைகளையும் தூர எறியும். சிறுவர்க்கு அது விளையாட்டுப் பொருள். தரையில் தேய்த்துச் சூடேற்றித் தோழன் கையில் சுடுவர். நாற்றங்காலில் வேலை செய்தவர்க்கோ நாள் கணக்கு. பளபளப்பும் கனமும் உள்ளதைப் பொறுக்கி, மங்கியதைக் கழித்து, மணல் பாத்தியில் நெருக்கமாகப் பரப்பி, மேலே ஓலைப்பந்தல் இட்டு ஈரம் காக்க வேண்டும். நல்ல விதை ஒன்றிரண்டு வாரங்களில் வேர் விடும். மூன்று வாரம் கடந்தும் முளைக்காதது பயனற்றது. முளைவேர் முறியாமல் எடுத்து நாற்றங்காலில் நடுவது நுட்பமான கைவேலை. நெல் நாற்று அறிந்த தமிழ்க் கைகள் இதையும் கற்றன. கியூவின் கண்ணாடி மனையில் நூற்றுக்கு நான்கு பிழைத்த விதை, தோட்டப் பாத்திகளில் பல்லாயிரமாய்த் தழைத்தது.

விதைக்கு இன்னொரு குறையும் இருந்தது. ஒரே மரத்தின் விதைகளும் ஒரே அளவு பால் தரும் மரங்களாவதில்லை. எனவே டச்சுக்காரர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளில் ஒட்டுக்கட்டும் முறை வளர்ந்தது. 1925இல் அமைந்த மலாயா இரப்பர் ஆய்வுக் கழகம் உயர்ந்த இனங்களைத் தேர்ந்து பரப்பியது. அப்போதும் விதை மறையவில்லை. விதையில் எழுந்த நாற்றின் மீதே நல்லின மொட்டு ஒட்டப்பட்டது. கண்ணுக்குத் தெரியும் மரம் ஆய்வுக் கழகத்தின் பெயரைப் பெற்றது. மண்ணுக்குள் அதனைத் தாங்கிய வேர் பெயரற்ற விதையினது.

இன்று பேராக்கில் பழைய இரப்பர்த் தோட்டங்கள் பல எண்ணெய்ப்பனைக்கு இடம் விட்டன. ஈப்போவைச் சுற்றிய சில, வீட்டுமனைகளாயின. ஈப்போவின் முதன்மைச் சாலையொன்று நெடுங்காலம் ஹியூ லோவின் பெயரைத் தாங்கியிருந்து, பின்னர் சுல்தான் இஸ்கந்தர் சாலையாயிற்று. ஒன்பது மரங்களில் ஒன்றெனக் கருதப்படுவது கோலகங்சார் மாவட்ட நில அலுவலகத்தருகே அறிவிப்புப் பலகையுடன் போற்றப்படுகிறது. போற்ற வேண்டியதே. ஆயினும் ஒன்பதைப் பல்லாயிரமாக்கிய நாற்றங்கால் தொழிலாளர்க்கு எந்தப் பலகையும் இல்லை. அவர்தம் அறிவு ஏட்டில் ஏறாமல் கையிலும் வாய்ச்சொல்லிலும் வாழ்ந்தது. தோட்டம் கலைந்து நகருக்குக் குடிபெயர்ந்த முதியவர்களிடம் எஞ்சியிருப்பது அதுவே. பள்ளிகளும் சங்கங்களும் அவர்களை நாடிச் சென்று அதனை எழுத்தில் பதித்தல் வேண்டும். காலம் தாழ்த்தினால் முளைக்காது என்பதை அவ்விதையே கற்பித்திருக்கிறது.