பொம்மையைக் கொடுக்கச் சொன்னால் பிள்ளை ஏன் அழுகிறது? கொடுக்கும்போது எதைக் கற்கிறது?

தீபாவளிக்கு இன்னும் சில வாரம். வீட்டைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தாயிற்று. ஸ்டோர்ரூமைத் திறந்தால் சக்கரம் கழன்ற கார், பாதித் துண்டு காணாமல் போன புதிர்ப்படம், பிறந்தநாளுக்கு வந்து இன்னும் பிரிக்காத டைனோசர்.

"இதெல்லாம் யாருக்காவது கொடுத்திடலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். ஆறு மாதமாகத் திரும்பியே பார்க்காத பொம்மைமேல் நாலு வயதுப் பிள்ளைக்குத் திடீரென்று பாசம் பொங்கும். "அது என்னோடது!"

அப்புறம் பல வீடுகளில் என்ன நடக்கும் என்று நமக்கே தெரியும். பிள்ளை பாலர் பள்ளிக்குப் போன நேரம் பார்த்து மூட்டை கட்டிவிடுவோம். வீடு சுத்தமாகும், சரி. ஆனால் அந்த மூட்டையைப் பிள்ளையே கட்டியிருந்தால் அது கற்றுக்கொண்டிருக்கக்கூடியவை நிறைய.

பிரித்து வைப்பதில் என்ன இருக்கு?

பொம்மைகளைத் தரையில் கொட்டி "கார் எல்லாம் இங்க, மிருகம் எல்லாம் அங்க" என்று பிரிப்பது பெரியவர்களுக்கு வேலை. பிள்ளைக்கு அது கணக்கின் முதல் படி. எது எதோடு சேரும், ஏன் சேரும் என்று அதன் மூளை முடிவெடுக்கிறது.

இதில் வயதுக்கு ஏற்ற வித்தியாசம் உண்டு. உளவியல் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் பிரபலமான அட்டை விளையாட்டு ஒன்று இருக்கிறது. முதலில் அட்டைகளை நிறப்படி பிரிக்கச் சொல்வார்கள். பிறகு விதியை மாற்றி, வடிவப்படி பிரிக்கச் சொல்வார்கள். மூன்று வயதுப் பிள்ளைகளில் பலர் பழைய விதியையே பிடித்துக்கொள்வார்கள். புதிய விதி என்ன என்று கேட்டால் வாய் சரியாகச் சொல்லும். கை மட்டும் நிறப்படியே வைக்கும்! ஐந்து வயது வாக்கில் பெரும்பாலோர் சுலபமாக மாறிவிடுவார்கள்.

அதனால் மூன்று வயதுப் பிள்ளையிடம் "வச்சுக்கிறது, கொடுக்கிறது, உடைஞ்சது, அப்புறம் யோசிக்கிறது" என்று நாலு பெட்டியை நீட்டினால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி போதும்.

"என்னோடது" என்றால் சுயநலமா?

அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிட முடியாது. 2008ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், புரூஸ் ஹூட், பால் புளூம் என்ற இரு உளவியலாளர்கள் பொருள்களை அச்சு அசலாக நகலெடுப்பது போன்ற போலி இயந்திரம் ஒன்றை மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் காட்டினார்கள். சாதாரண பொம்மை என்றால், நகலை எடுத்துக்கொள்வதில் பிள்ளைகளுக்குப் பிரச்சினையே இல்லை. தினமும் கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மை என்றால் கதையே வேறு. சிலர் அதை இயந்திரத்தில் வைக்கவே விடவில்லை. விட்டவர்களில் பெரும்பாலோர் தங்கள் பழைய பொம்மைதான் வேண்டும் என்றார்கள்.

காது கிழிந்த அந்தக் கரடி நம் கண்ணுக்குத்தான் பழசு. அதை முதலிலேயே தனியாக எடுத்து வைத்து, "இது உன்னோடதுதான், யாரும் கேட்கமாட்டோம்" என்று சொல்லிவிடுங்கள். மற்றவற்றைப் பற்றிப் பேசுவது அப்புறம் சுலபம்.

கட்டாயப்படுத்தினால் என்ன ஆகும்?

எனக்கு முக்கியமாகப்படுவது இந்தப் பகுதிதான். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாடியா செர்னியாக், தமார் குஷ்னிர் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இது. சோகமாக இருக்கும் ஒரு நாய்ப் பொம்மைக்குப் பாலர் பள்ளி வயதுப் பிள்ளைகள் ஸ்டிக்கர் கொடுக்க வேண்டும். ஒரு குழுவுக்கு உண்மையான தேர்வு: நீயே வைத்துக்கொள்ளலாம், அல்லது கொடுக்கலாம். இன்னொரு குழுவிடம் "கொடுத்துத்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டார்கள்.

பிறகு வேறொரு சோகப் பொம்மை வந்தது. இம்முறை எல்லாருக்கும் முழுச் சுதந்திரம். முன்பு வைத்துக்கொள்ள வாய்ப்பிருந்தும் தானாகவே கொடுத்த பிள்ளைகள்தான் இப்போதும் அதிகம் கொடுத்தார்கள்.

"நல்ல பிள்ளைன்னா கொடுக்கணும்" என்று நாம் பழக்கமாகச் சொல்வது கொடுக்க வைக்கும். ஆனால் 'நான் கொடுக்கிற ஆள்' என்ற எண்ணம் பிள்ளைக்கு வர, வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அதற்கு இருக்க வேண்டும்.

உடைந்ததைக் கொடுக்கலாமா?

கூடாது. விழாக்காலத்தில் நன்கொடை இடங்களில் குப்பையும் சேர்ந்து குவிவது சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கும் புகார். பிள்ளையிடம் "இது உனக்குப் பரிசா வந்தா பிடிக்குமா?" என்று கேளுங்கள். வாங்கப்போகும் முகம் தெரியாத பிள்ளையின் இடத்தில் நின்று யோசிக்க அந்த ஒரு கேள்வியே பயிற்சி. துடைப்பது, துண்டுகளை எண்ணிப் பார்ப்பது எல்லாம் அதன் கையாலேயே நடக்கட்டும். பேட்டரியைக் கழற்றுவது மட்டும் பெரியவர்கள் வேலை. பொத்தான் வடிவப் பேட்டரியை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

சால்வேஷன் ஆர்மி நல்ல நிலையில் உள்ள பொருள்களை ஏற்றுக்கொள்கிறது. ஃபூட் ஃப்ரம் தி ஹார்ட் அமைப்பு 'டாய் பஃபே' என்ற நிகழ்ச்சியை நடத்திவந்திருக்கிறது. பெயருக்கேற்றபடி, அங்கு வரும் பிள்ளைகள் பிடித்த பொம்மையைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம். எங்கு கொடுத்தாலும் எதை வாங்குவார்கள், எப்போது வாங்குவார்கள் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். பை கைமாறுவதை நேரில் பார்த்தால்தான் பொம்மை எங்கே போனது என்று அதற்குப் புரியும்.

எதையுமே கொடுக்கமாட்டேன் என்றால்?

விட்டுவிடுங்கள். பாதிப் பொம்மைகளைப் பிள்ளைக்குத் தெரிந்தே ஒரு பெட்டியில் போட்டு எடுத்து வையுங்கள். நாலே பொம்மை இருந்தபோது பிள்ளைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், பல விதமாக விளையாடினார்கள். 16 இருந்தபோது தாவிக்கொண்டே இருந்தார்கள். ஒன்றரை முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகளை வைத்து அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு அப்படித்தான் காட்டியது. ஒரு மாதம் கழித்துப் பெட்டியைத் திறங்கள். ஓடிவந்து எடுப்பதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்சம் இருப்பதைப் பற்றி மறுபடி கேளுங்கள்.