கல் தேரும் மிதிவண்டியும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் வடபகுதியில் அமைந்த பழம்பதி குன்றாண்டார்கோவில். குன்றைக் குடைந்து அமைத்த அங்குள்ள கோயில் கி.பி. 8ஆம் நூற்றாண்டினது. பல்லவர் காலத்துக் கல்வெட்டுகள் அதற்குச் சான்றாக உள்ளன. அதன் முன்னே பிற்காலத்தில் எழுந்த நூற்றுக்கால் மண்டபம் தேர் வடிவினது. குதிரைகளும் சக்கரங்களும் கல்லிலேயே செதுக்கப்பட்டிருக்கின்றன.

இவ்வூரிலிருந்து மேற்கே கீரனூரை அடைந்து, தெற்கே திரும்பி, நார்த்தாமலை, சித்தன்னவாசல், புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காட்டுபாவா பள்ளிவாசல் வரை மிதிவண்டியில் செல்வோர் ஈராயிரம் ஆண்டு வரலாற்றைக் கண்ணாரக் காணலாம். சித்தன்னவாசல் குகையிலே சமணத் துறவியரின் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்துகளும் உள்ளன. நார்த்தாமலைக் குன்றின்மீது விசயாலய சோழீச்சுரம் நிற்கிறது. காட்டுபாவா பள்ளிவாசலில் அடங்கியிருக்கும் இறைநேசரை நாடி முஸ்லிம்களும் இந்துக்களும் வருகின்றனர். 'காட்டு பாவா' என்னும் பெயரே அவ்வழி ஒருகாலத்தில் அடர்ந்த காடாய் இருந்ததை உணர்த்துகிறது.

வற்றாத ஆறு இந்நாட்டில் இல்லை. மழைநீரைத் தேக்கிய ஏரிகளும் கண்மாய்களுமே உழவர்க்கும் வழிநடையாளர்க்கும் உயிராயின. அவற்றின் உள்ளே நிற்கும் குமிழித் தூம்புகளின் கற்றூண்களில், அவற்றை அமைத்துத் தந்தோரின் பெயர்களை இன்றும் படிக்கலாம்.

குகை குடைந்தவர் பெயரும் தூம்பு அமைத்தவர் பெயரும் கல்லில் நிலைத்தன. ஆனால் இவ்வழியே யார் தனித்துச் செல்ல முடிந்தது? ஆடவர் நினைத்தபோது புறப்பட்டனர். பெண்களோ, நேர்ச்சை செலுத்தவும் ஜியாரத் செய்யவும், சந்தைக்குச் செல்லவும்கூட, உடன்வரும் ஆடவருக்காகவோ எப்போதோ வரும் பேருந்துக்காகவோ காத்திருந்தனர்.

1991இல் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். கல்லுடைக்கும் பெண்களும் வயலில் உழைக்கும் பெண்களும் கற்றனர். கட்டுப்பாடு மிகுந்த முஸ்லிம் குடும்பத்து இளம்பெண்களும் கற்றனர். பெண்களுக்கான வண்டி போதாதபோது ஆண்கள் வண்டியையே ஓட்டினர். முன்கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ள அது வசதி என்றும் கண்டனர். ஏளனம் செய்தவரும் இருந்தனர், பெண்கள் நிற்கவில்லை. 1992ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டிகளில் அணிவகுத்துப் புதுக்கோட்டையை வியக்கவைத்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது.

வழிகளின் வரலாற்றை எழுதுவோர் அவ்வழியில் கட்டடம் எழுப்பிய மன்னரையும் வள்ளல்களையும் குறிக்கத் தவறுவதில்லை. அதே வழியில், யாருடைய துணைக்கும் காத்திராமல், தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு முதன்முதலாகச் சென்ற பெண்களின் பெயரைக் கூறும் கல்வெட்டு எங்கும் இல்லை. அவர்களுள் பலர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்கள் வாய்மொழியைக் கேட்டு எழுதிவைப்பது நம் கடமையன்றோ?