நேர்முகத் தேர்வு: ஒரு சிறு வரலாறு

வேலைக்கான நேர்முகத் தேர்வு என்றதும் எல்லோரும் சொல்லும் அறிவுரைகள் நமக்கு மனப்பாடம். இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, சான்றிதழ் ஃபைல், முகத்தில் புன்னகை. இவை எல்லாம் வேண்டியதுதான். ஆனால் எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் கூட அந்த அறைக்குள் நுழையும் போது ஏன் நடுங்குகிறார்கள்? காரணம் எளிது. விடைத்தாளுக்கு முகம் கிடையாது. நேர்முகத் தேர்வில் விடையை விட முகம்தான் முதலில் தெரிகிறது. ஆணா பெண்ணா, எந்த ஊர், எந்தக் குடும்பம், ஆங்கிலம் எப்படி என்பதெல்லாம் வாயைத் திறக்கும் முன்போ, திறந்த உடனேயோ வெளியே வந்துவிடும்.

சுதந்திர இந்தியாவின் குடிமைப் பணித் தேர்வு வரலாற்றைப் புரட்டினால் இதற்கு நல்ல உதாரணங்கள் கிடைக்கின்றன.

முத்தம்மாவுக்குக் கிடைத்த மதிப்பெண்

குடகு நாட்டின் விராஜ்பேட்டையில் பிறந்தவர் சி.பி.முத்தம்மா. படித்தது சென்னையில், பெண்கள் கிறித்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும். 1948ல் குடிமைப் பணித் தேர்வு எழுதி வெற்றி பெற்றார். அவர் கேட்டது வெளிநாட்டுப் பணி. அதுவரை எந்தப் பெண்ணும் அதில் சேர்ந்ததில்லை.

நேர்முகத் தேர்வில் அந்தப் பணி பெண்களுக்குச் சரிவராது என்று அவர் மனதை மாற்றப் பார்த்தார்கள். அவர் மாறவில்லை. அன்று தனக்குக் குறைந்தபட்ச மதிப்பெண்தான் போட்டதாகத் தேர்வாணையத் தலைவரே பிற்காலத்தில் தன்னிடம் ஒப்புக்கொண்டதாக முத்தம்மா சொல்லியிருக்கிறார். அப்படியும் எழுத்துத் தேர்வு மதிப்பெண் அவரைக் கரை சேர்த்தது. 1949ல் பணியில் சேர்ந்து, 1970ல் ஹங்கேரிக்குத் தூதராகப் போனார்.

கதை அதோடு முடியவில்லை. பணி உயர்வு மறுக்கப்பட்ட போது உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். பெண் அதிகாரி திருமணம் செய்ய அரசிடம் அனுமதி வாங்க வேண்டும், குடும்பம் வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு கருதினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம் என்று அன்றைய விதி இருந்தது. வழக்கு நடக்கும் போதே அவருக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது. ஆனாலும் 1979ல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தன் தீர்ப்பில் அந்த விதிகளைக் கடுமையாகச் சாடினார். ஆணுக்கு இல்லாத விதி பெண்ணுக்கு மட்டும் ஏன் என்பதே அவர் கேள்வி.

ஓசூரின் சப் கலெக்டர்

அடுத்தவர் அன்னா ராஜம் ஜார்ஜ். கேரளத்தில் பிறந்து கோழிக்கோட்டில் வளர்ந்து சென்னையில் மேற்படிப்பு படித்தவர். ஆர்.என்.பானர்ஜி தலைமையிலான தேர்வுக் குழுவின் முன் அமர்ந்தார். வெளிநாட்டுப் பணி, மத்தியப் பணிகள் என்று வேறு வாய்ப்புகளைக் குழு அவர் முன் வைத்தது. அவை பெண்களுக்குப் பொருத்தமாம்! இரண்டே வருடம் முன்பு முத்தம்மாவிடம் வெளிநாட்டுப் பணிதான் பொருந்தாது என்று சொன்னார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். காரணம் மாறிக்கொண்டே இருந்தது, மறுப்பு மட்டும் மாறவில்லை.

அன்னா ராஜம் ஐ.ஏ.எஸ். தான் வேண்டும், அதுவும் சென்னை மாகாணம்தான் வேண்டும் என்று வாதாடி வாங்கினார். 1951ல் ஐ.ஏ.எஸ்.சில் சேர்ந்த முதல் பெண் ஆனார். திருமணம் செய்தால் வேலை போய்விடும் என்று அவருடைய நியமன ஆணையிலேயே எழுதியிருந்தது. அந்த விதி பின்னர் மாற்றப்பட்டது. பிற்காலத்தில் தன்னோடு பணியில் சேர்ந்த ஆர்.என்.மல்ஹோத்ராவையே மணந்தார்.

ஆனால் டெல்லியில் முடிந்த நேர்முகத் தேர்வு சென்னையில் மறுபடி தொடங்கியது. அப்போது முதலமைச்சராக இருந்த ராஜாஜிக்கு பெண்ணை மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்ப மனமில்லை. தலைமைச் செயலகத்தில் ஒரு வேலை தரலாம் என்றார். குதிரையேற்றம், துப்பாக்கி சுடுதல் எல்லாம் ஆண்களைப் போலவே கற்றிருக்கிறேன், சட்டம் ஒழுங்குப் பிரச்சனையை என்னாலும் சமாளிக்க முடியும், ஒரு வாய்ப்பு கொடுத்துப் பாருங்கள் என்பதுதான் அன்னா ராஜத்தின் வாதம். ஓசூரில் சப் கலெக்டர் பதவி கிடைத்தது. 1989ல் பத்மபூஷண் விருதும் வந்தது.

300க்கு 110

பெண்களுக்கு மட்டும்தான் இந்த நிலைமை என்று நினைக்க வேண்டாம். 1950ம் ஆண்டுத் தேர்வில் அச்சுதானந்த தாஸ் என்பவர், அந்த வருடம் முதலிடம் பெற்றவரை விட எழுத்துத் தேர்வில் அதிக மதிப்பெண் வாங்கினார். நேர்முகத் தேர்வில் முதலிடக்காரருக்கு 300க்கு 260. தாஸுக்கு 110. இறுதிப் பட்டியலில் அவர் கடைசிக்குத் தள்ளப்பட்டார். பட்டியல் சாதியிலிருந்து ஐ.ஏ.எஸ். ஆன முதல் மனிதர் அவர்தான்.

அக்காலத்தில் நேர்முகத் தேர்வுக்கென்று தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண்ணும் இருந்தது. எழுத்தில் எவ்வளவு வாங்கினாலும் இதில் தவறினால் வெளியேதான். அந்த முறை 1957ல்தான் கைவிடப்பட்டது.

நீதிமன்றம் போட்ட கடிவாளம்

அடுத்த திருப்பம் நீதிமன்றங்களில் நடந்தது. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி சேர்க்கையில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50 மதிப்பெண் வைத்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று நிமிடம்தான் பேசினார்கள், அதுவும் பெற்றோரைப் பற்றியும் ஊரைப் பற்றியும்தான் கேட்டார்கள் என்று மாணவர்கள் வழக்குப் போட்டனர். அஜய் ஹசியா வழக்கு என்று பெயர். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை நேர்முகத்துக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது, இத்தகைய சேர்க்கையில் 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 1980ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நேர்முகத் தேர்வை டேப்பில் பதிவு செய்யலாம் என்றும் யோசனை கூறியது.

1985ல் அசோக் குமார் யாதவ் வழக்கு வந்தது. ஹரியானாவில் 61 இடங்களுக்கு 1300க்கும் மேற்பட்டவர்களை நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருந்தார்கள். இத்தனை பேரை அழைத்தால் எழுத்துத் தேர்வில் பின்தங்கியவரைக் கூட நேர்முக மதிப்பெண்ணால் மேலே தூக்கிவிடலாம் அல்லவா? இடங்களைப் போல இரண்டு மடங்கு, மிஞ்சினால் மூன்று மடங்கு பேரை அழைத்தால் போதும் என்றது நீதிமன்றம். பொதுப் பிரிவினருக்கு நேர்முக மதிப்பெண் 12.2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் சொன்னது. அன்று மத்தியத் தேர்வாணையம் 2050ல் 250 வைத்திருந்தது. அந்தக் கணக்குதான் இது.

2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வே ரத்து செய்யப்பட்டது. குடிமைப் பணித் தேர்வில் 2013 முதல் 2025 மதிப்பெண்ணில் 275 நேர்முகத்துக்கு. குழு உறுப்பினர்களுக்கு எழுத்துத் தேர்வு மதிப்பெண் தெரிவிக்கப்படுவதில்லை.

அப்படியென்றால் நேர்முகத் தேர்வே வேண்டாமா? அதையும் ஒரேயடியாகச் சொல்ல முடியாது. அறிவை எழுத்தில் அளக்கலாம், ஆளுமையை நேரில் பேசித்தான் அளக்க முடியும் என்று 1981ல் லீலாதர் வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி விளக்கியிருக்கிறார். முகம் பார்ப்பதில் பயனும் உண்டு, ஆபத்தும் உண்டு.

தயாராகிறவர்களுக்கு

இந்த வரலாற்றிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன.

ஒன்று, "இந்த வேலை உனக்கு எதற்கு?" என்ற கேள்விக்குச் சொந்தமாக ஒரு பதில் வேண்டும். கடன் வாங்கிய பதில் இரண்டாவது குறுக்குக் கேள்வியிலேயே உதிர்ந்துவிடும். அன்னா ராஜம் சமத்துவம் பற்றிச் சொற்பொழிவு ஆற்றவில்லை. இந்தப் பயிற்சி பெற்றிருக்கிறேன், இந்த வேலையைச் செய்வேன் என்று காரியத்தைப் பேசினார். விண்ணப்பத்தில் நாம் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் அப்படி ஒரு பதில் கையில் இருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

இரண்டு, நாற்காலிக்கு எதிரே இருப்பவர்கள் போடும் மதிப்பெண் நம் தகுதிக்கு நிரந்தரமான அளவுகோல் இல்லை. முத்தம்மாவுக்குக் குறைந்த மதிப்பெண் போட்ட குழு அவரைப் பார்த்தது ஒரே ஒரு நாள்தான். அவர் தூதராக வேலை செய்த ஆண்டுகள் பல. ஆகவே அறைக்குள் போகும் போது தயாரிப்போடு போவோம். வெளியே வரும் போது முடிவு எதுவானாலும் தலை நிமிர்ந்தே வருவோம்.