லினக்ஸ் கருனியும் திரைக் கோளாறுகளும்

லினக்ஸ் கணினியில் கருனியை இற்றைப்படுத்திய பின் வெளித்திரை உறைந்து நிற்பது பல பயனர்கள் சந்திக்கும் கோளாறு. சுட்டி நகராது, சாளரங்கள் அசையாது, சில வேளைகளில் பாடல் மட்டும் தொடர்ந்து ஒலித்துக்கொண்டிருக்கும். கணினியை மீண்டும் தொடக்கிப் பழைய கருனியைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் முன்போலவே இயங்கும். திரையில் ஏற்படும் ஒரு கோளாறு ஏன் கருனியோடு சேர்ந்து வருகிறது, அதைச் சரிசெய்யும் முறைகள் எப்படி உருவாயின என்பதை லினக்ஸின் வரலாற்றிலிருந்து அறியலாம்.

கருனி என்பது வன்பொருளுக்கும் மற்ற மென்பொருள்களுக்கும் நடுவில் நின்று இரண்டையும் இணைக்கும் பகுதியாகும். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு லினக்ஸ் கருனியை வெளியிட்டார்.

கருனிக்கு வெளியே இருந்த திரை

தொடக்கக் காலத்தில் வரைகலைத் திரையை ஆளும் வேலை பெரும்பாலும் கருனியிடம் இல்லை. 1984இல் எம்ஐடியில் தொடங்கப்பட்ட எக்ஸ் சாளர முறைமையின் திறந்த வடிவமான எக்ஸ்ஃப்ரீ86 என்னும் மென்பொருளே அதைச் செய்தது. அது முழு நிர்வாக உரிமையுடன் ஓடி, வரைகலை அட்டையை நேரடியாகத் தொட்டது. திரையின் கிடைமட்ட, செங்குத்து அலைவெண்களைப் பயனரே ஓர் அமைப்புக் கோப்பில் எழுத வேண்டியிருந்தது. தவறான எண்களை எழுதினால் பழைய குழாய்த் திரைகள் பழுதாகக்கூடும் என்ற எச்சரிக்கையும் அன்று இருந்தது.

இந்த ஏற்பாட்டில் ஒரே வன்பொருளைக் கருனியும் எக்ஸும் தனித்தனியே கையாண்டன. அதனால் உரை முனையத்திற்கு மாறும்போதும், கணினி தூங்கி எழும்போதும் திரை குழம்பியது. கருனி செயலிழந்தால் அதன் பிழைச் செய்தியையும் பயனரால் பார்க்க முடியவில்லை.

கருனிக்குள் வந்த திரை

இதற்குத் தீர்வாகத் திரையின் அளவையும் புதுப்பிப்பு வீதத்தையும் அமைக்கும் பொறுப்பு கருனிக்கே மாற்றப்பட்டது. 2009 மார்ச்சில் வெளிவந்த 2.6.29 பதிப்பில் இன்டெல் வரைகலைக்கான இந்த வசதி சேர்ந்தது. பின்னர் மற்ற வரைகலை இயக்கிகளும் அதே வழியில் வந்தன. தொடக்கத்தின்போது திரை சிமிட்டுவது குறைந்தது. தூங்கி எழுவதும் மேம்பட்டது.

ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. திரையை அமைக்கும் நிரல் கருனியின் பகுதியாகிவிட்டதால், கருனி மாறும்போதெல்லாம் அந்த நிரலும் மாறியது. முன்பு எக்ஸின் கோளாறாக இருந்தவற்றில் பல இப்போது கருனியின் கோளாறுகளாயின.

வெளித்திரை ஏன் கடினமானது?

மடிக்கணினியின் சொந்தத் திரை மாறுவதில்லை. வெளித்திரை அப்படியன்று, அது எப்போது வேண்டுமானாலும் செருகப்படும், பிடுங்கப்படும். செருகியதும் இயக்கி அதை உணர்ந்து, திரை தன்னைப் பற்றித் தரும் விவரத் தொகுதியைப் படிக்க வேண்டும். டிஸ்பிளேபோர்ட் இணைப்பானால், எத்தனை தடங்களில் எந்த வேகத்தில் தரவை அனுப்பலாம் என்பதை இரு முனைகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரே இணைப்பில் பல திரைகளை ஓட்டும் முறை 2010இல் டிஸ்பிளேபோர்ட் 1.2 தரத்தில் வந்தது. லினக்ஸில் அதற்கான ஆதரவு 2014இல் 3.17 பதிப்பில் இன்டெல் இயக்கியுடன் தொடங்கியது. டைப்-சி இணைப்பும் டாக் எனப்படும் இணைப்புப் பெட்டிகளும் வந்தபின் இடையில் நிற்கும் கருவிகள் இன்னும் பெருகின.

இவற்றில் ஏதேனும் ஒன்று எதிர்பார்த்த நேரத்தில் விடை தராவிட்டால், இயக்கி காத்துக்கொண்டே நின்றுவிடக்கூடும். அப்போது கணினி ஓடிக்கொண்டிருந்தாலும் திரை உறைந்துவிடும். உலகிலுள்ள எல்லா வடங்களையும் பெட்டிகளையும் திரைகளையும் இணைத்துப் பார்க்க எந்த நிரலாளராலும் இயலாது.

பின்னடைவு கூடாது என்னும் விதி

முன்பு இயங்கியது புதிய பதிப்பில் இயங்காமல் போவது பின்னடைவு எனப்படும். கருனியின் மாற்றத்தால் பயனரின் மென்பொருள் உடைந்தால் குற்றம் கருனியினுடையதே என்பது டோர்வால்ட்ஸின் உறுதியான நிலைப்பாடு. 2012 டிசம்பரில் அவர் இதைக் கடுமையான சொற்களில் எழுதிய மடல் பரவலாகப் பேசப்பட்டது. பின்னடைவுகளைப் பட்டியலிடும் பணியை 2.6 பதிப்புகளின் காலத்தில் ஏட்ரியன் பங்க், ரஃபேல் வைசாக்கி ஆகியோரும், பிற்காலத்தில் தோர்ஸ்டன் லீம்ஹூயிஸும் செய்துவந்தனர்.

இந்த விதிக்குக் கை கொடுத்த இரண்டு ஏற்பாடுகள் 2005இல் தோன்றின. ஒன்று, வெளிவந்த பதிப்புக்குத் திருத்தங்களை மட்டும் சேர்த்து வெளியிடும் நிலைத்த வரிசை. கிரெக் குரோ-ஹார்ட்மன், கிறிஸ் ரைட் ஆகியோர் மார்ச்சில் 2.6.11.1 பதிப்புடன் இதைத் தொடங்கினர். மற்றொன்று, ஏப்ரலில் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கிட் என்னும் மூலநிரல் மேலாண்மைக் கருவி.

கிட்டில் உள்ள பாதியாகப் பிரித்துத் தேடும் வசதி, நிரல் அறியாத பயனருக்கும் கோளாற்றின் மூலத்தைக் காட்ட வல்லது. நல்ல பதிப்பு ஒன்றையும் கெட்ட பதிப்பு ஒன்றையும் சொன்னால், அது நடுவிலுள்ள மாற்றத்தை எடுத்துத் தரும். அதைத் தொகுத்து, கணினியைத் தொடக்கி, திரை உறைகிறதா என்று பார்த்துச் சொன்னால் தேட வேண்டியதில் பாதி கழிந்துவிடும். 10,000 மாற்றங்களுக்குள் ஒளிந்திருக்கும் ஒன்றை இவ்வாறு ஏறத்தாழ 14 சோதனைகளில் கண்டுபிடிக்கலாம்.

5.19.12: ஓர் எடுத்துக்காட்டு

நிலைத்த வரிசையும் தவறு செய்யும் என்பதை 2022இல் நடந்த ஒரு நிகழ்வு காட்டியது. செப்டம்பர் 28 அன்று வந்த 5.19.12 பதிப்பை நிறுவிய சிலரின் இன்டெல் மடிக்கணினிகளில் திரை வெள்ளையாகச் சிமிட்டத் தொடங்கியது. இது வெளித்திரையில் அன்றி, மடிக்கணினியின் சொந்தத் திரையில் எழுந்த கோளாறு. பயனர்கள் அனுப்பிய பதிவுக் கோப்புகளை இன்டெல் நிரலாளர் வில்லே சிர்யாலா ஆராய்ந்தார். திரைக்கு மின்சாரம் தரும் வரிசையில் கால இடைவெளிகள் தவறாக அமைந்திருக்கக்கூடும் என்றும், அது திரையையே சேதப்படுத்தலாம் என்றும் எச்சரித்தார். இன்டெல் வரைகலை கொண்ட மடிக்கணினிகளில் அப்பதிப்பை இயக்க வேண்டாம் என்று அறிவுறுத்தினார். புதிய பதிப்புக்கெனச் செய்த மாற்றங்களைப் பழைய வரிசைக்குக் கொண்டுவந்ததில் நேர்ந்த பிழை அது. அக்டோபர் 4 அன்று 5.19.13 பதிப்பில் அம்மாற்றங்கள் திரும்பப் பெறப்பட்டன.

குழாய்த் திரைக் காலத்தில் பயனர் எழுதும் எண்ணால் வந்த ஆபத்து, இங்கே கருனியின் வழியாக வந்தது. ஆறே நாளில் அது நீங்கியதற்குக் காரணம், சிமிட்டலைக் கண்ட பயனர்கள் பழைய கருனிக்குத் திரும்பியதோடு நிற்காமல் பதிவுகளையும் அனுப்பியதே.

பயனரின் பங்கு

பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்கள் புதிய கருனியை நிறுவும்போது பழையதையும் தொடக்கப் பட்டியலில் வைத்திருக்கின்றன. வெளித்திரை உறைந்தால் முதலில் செய்ய வேண்டியது அதைத் தேர்ந்தெடுத்துத் தொடக்குவதுதான். அதில் திரை சீராக இயங்கினால், வடத்தையும் திரையையும் மாற்றுவதற்கு முன் கருனியை ஐயுறலாம். உறைந்த அமர்வின் கருனிப் பதிவையும், இயங்கிய பதிப்பு, இயங்காத பதிப்பு ஆகிய இரண்டின் எண்களையும், இடையிலுள்ள இணைப்புப் பெட்டியின் விவரத்தையும் சேர்த்து முறையிட்டால் தேடலின் முதற்படி முடிந்துவிடுகிறது. பழைய கருனியோடு அமைதியாக இருந்துவிட்டால் அந்தக் கணினி இயங்கும். ஆனால் அடுத்த பதிப்பிலும் அதே வழு நீடிக்கலாம். அந்தத் திரையும் அந்தப் பெட்டியும் சேர்ந்த இணைப்பு நிரலாளரின் மேசையில் இருப்பதில்லை. பயனரின் மேசையில்தான் இருக்கிறது.