கைத்தொலைபேசிப் படங்கள் கணனிக்கு வந்து சேரும் கதை

கைத்தொலைபேசியில் எடுத்த படங்களைக் கணனிக்கு மாற்றி ஒழுங்குபடுத்த முனைந்தவர்கள் எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே முறைப்பாடுதான் உண்டு. இணைப்பு வயரைச் செருகினால் தொலைபேசி சார்ஜ் ஆகிறதே தவிர, படங்கள் தென்படுவதில்லை. தொலைபேசித் திரையில் எங்கோ ஒரு மூலையில் அனுமதி கொடுத்தபின் தென்பட்டாலும், ஆயிரக்கணக்கான படங்கள் வெறும் எண்களைப் பெயராகக் கொண்டு வரிசையில் நிற்கின்றன. பிரதியெடுக்கும் வேலை பாதிவழியில் நின்றுவிடுகிறது. எது வந்தது, எது வரவில்லை என்று அறிய வழியில்லை. வந்தவற்றுள் சில திறக்க மறுக்கின்றன. சில இரண்டு தடவை வந்திருக்கின்றன.

என் வயதையொத்த நண்பர்கள் பலர் இதனைத் தமது அறியாமையாகக் கருதிக்கொண்டு, படங்களைத் தொலைபேசியிலேயே விட்டுவிடுகிறார்கள். அவர்கள் மீது தவறில்லை. இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தேவைகளுக்காக, வெவ்வேறு நிறுவனங்கள் எடுத்த தீர்மானங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உருவானதே இன்று நமது மேசைமீது கிடக்கும் சிக்கல். செய்திப் படங்களோடு நெடுங்காலம் பழகியவன் என்ற வகையில் அந்த வரலாற்றை இங்கே எழுதிவைக்க விரும்புகின்றேன்.

ஈயவெழுத்துக் காலத்தில் ஒரு படம் பத்திரிகைப் பக்கத்தை வந்தடைந்த வழியை முதலில் நினைவுகூர வேண்டும். படப்பிடிப்பாளர் 36 படங்கள் கொண்ட சுருளுடன் திரும்புவார். இருட்டறையில் கழுவி அச்சிட்ட படம் ஆசிரியபீடத்துக்கு வரும்போது, அதன் பின்புறத்தில் ஒரு காகிதத் துண்டு ஒட்டப்பட்டிருக்கும். இடமிருந்து வலமாக நிற்பவர்கள் யார், எந்த ஊர், என்ன நிகழ்ச்சி, என்ன திகதி, எடுத்தவர் யார் என்ற ஐந்து விபரங்களும் அதில் இருக்க வேண்டும். துண்டு இல்லாத படத்தைச் செய்தி ஆசிரியர் புளொக் செய்ய அனுப்பமாட்டார். பிரசுரமான பின்னர் அப்படம் அதே துண்டுடன் கடித உறைக்குள் இடப்பட்டு, பெயர்வரிசைப்படி அலுமாரிக்குள் போகும். இருபது ஆண்டுகள் கழித்து ஒருவர் மறைந்த செய்தி இரவு பத்து மணிக்கு வந்தாலும், அந்த உறை சில நிமிடங்களில் கைக்கு வந்துவிடும். படமும் பெயரும் பிரியாதிருந்தமையே அந்த ஒழுங்கின் அடிப்படை.

இனி டிஜிட்டல் படத்தின் கதைக்கு வருவோம். 1975ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொடாக் நிறுவனப் பொறியியலாளர் ஸ்டீவன் சசோன் முதலாவது டிஜிட்டல் கமராவை உருவாக்கினார். 100 புள்ளி அகலமும் 100 புள்ளி உயரமும் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாப் பேழை ஒன்றில் பதிய அது 23 விநாடிகள் எடுத்தது. அந்தக் கருவிக்குப் படத்தின் பெயர் ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை; நாடாவில் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிந்தாற் போதுமானதாக இருந்தது.

பெயரின் தேவை, 1990களில் கமராக்கள் கடைக்கு வந்தபோதே எழுந்தது. ஒரு நிறுவனத்தின் கமராவில் எடுத்த படத்தை மற்றொரு நிறுவனத்தின் கருவி வாசிக்க முடியாத நிலை இருந்தது. அதனைத் தீர்க்க ஜப்பானின் மின்னியல் தொழில்துறையினர் இரண்டு தரவிதிகளைக் கொண்டுவந்தனர். 1995இல் வெளியான ‘எக்ஸிப்’ என்பது, படம் எடுத்த நேரம், கமராவின் பெயர், ஒளியளவு முதலிய விபரங்களைப் படக் கோப்புக்குள்ளேயே எழுதும் முறை. 1998இல் வந்த ‘டீ.சி.எப்.’ என்பது, படங்கள் எந்தக் கோப்புறையில், எந்தப் பெயரில் இருக்க வேண்டும் என்று கூறியது.

இன்று உங்கள் தொலைபேசியைக் கணனியோடு இணைத்ததும் தென்படும் ‘டீ.சி.ஐ.எம்.’ என்ற விளங்காத பெயருடைய கோப்புறை அந்த 1998ஆம் ஆண்டு விதியின் எச்சமே. டிஜிட்டல் கமராப் படங்கள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. அதனுள்ளே 100 முதல் 999 வரை எண்ணிட்ட உட்கோப்புறைகள். அவற்றினுள்ளே நான்கு எழுத்தும் நான்கு இலக்கமும் சேர்ந்த எட்டெழுத்துப் பெயர்கள். எட்டெழுத்து என்ற அளவு பழைய டொஸ் கணனிகளின் வரம்பிலிருந்து வந்தது. 0001இல் தொடங்கி 9999இல் முடிந்ததும் எண்ணிக்கை மீண்டும் 0001க்குத் திரும்பும்.

விதியை எழுதியவர்களின் நோக்கம் குறுகியதாயினும் நியாயமானது. நினைவட்டையைப் படம் அச்சிடும் கடைக்குக் கொண்டுபோனால் அங்குள்ள இயந்திரம் அதை வாசிக்க வேண்டும்; அவ்வளவே. அட்டையில் சில பத்துப் படங்களே அடங்கிய காலம் அது. பத்தாயிரம் படங்களை ஒரு மனிதர் சட்டைப்பையில் சுமந்து திரிவார் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆனால் ஐபோன் இன்றும் நான்கு இலக்கப் பெயரையே இடுகிறது. ஒரே வீட்டிலுள்ள இரண்டு தொலைபேசிகளின் படங்களை ஒரே கோப்புறையில் இடும்போது, ஒரே பெயருடைய இரு படங்கள் மோதிக்கொள்கின்றன. ‘இருப்பதை நீக்கிப் புதியதை வைக்கவா?’ என்று கணனி கேட்கிறது. அவசரத்தில் ‘ஆம்’ என்றால், ஒரு படம் சத்தமின்றிப் போய்விடும். அன்ட்ரொயிட் தொலைபேசிகள் பல, திகதியையும் நேரத்தையும் பெயராக்கி இந்த மோதலைக் குறைத்துள்ளன. எனினும் அவற்றிலும் எப்போது என்பதுண்டு, யார் என்பதில்லை.

பத்திரிகை உலகம் இதை முன்கூட்டியே உணர்ந்திருந்தது என்பதைப் பெருமையுடன் சொல்லலாம். 1965இல் அமைக்கப்பட்ட சர்வதேச பத்திரிகைத் தொலைத்தொடர்புச் சபை, 1990களின் தொடக்கத்தில் செய்திப் படங்களுக்கென ஒரு தகவல் அமைப்பை வகுத்தது. படக்குறிப்பு, எடுத்தவர் பெயர், நகரம், திகதி ஆகியவற்றுக்குத் தனித்தனி இடங்கள் அதில் இருந்தன. அடோப் நிறுவனத்தின் போட்டோஷொப் மென்பொருள் அவற்றைப் படக் கோப்புக்குள்ளேயே எழுத வசதி செய்தது. படத்தின் முதுகில் ஒட்டிய காகிதத் துண்டின் மறுபிறவி என்று இதனைக் கூறலாம். செய்தி நிறுவனங்கள் இன்றும் இதையே பயன்படுத்துகின்றன. ஆனால் பொதுமக்களின் கைக்கு வந்த தொலைபேசிக் கமராக்கள் நெடுங்காலம் இந்த இடங்களைக் கண்ணில் காட்டவேயில்லை. ஐபோனின் படத்தொகுப்பில் குறிப்பு எழுதும் வசதி 2020இலேயே சேர்க்கப்பட்டது.

அடுத்து வயரின் கதை. நினைவட்டையைக் கணனி ஒரு சாதாரண வட்டாகக் கண்ட காலத்தில் படங்களை மாற்றுவது எளிதாக இருந்தது. அன்ட்ரொயிட் தொலைபேசிகள் 2011 அளவில் அந்த முறையைக் கைவிடத் தொடங்கின. காரணம் இல்லாமலில்லை. தொலைபேசியின் சேமிப்பகத்தைக் கணனி தன்வசம் எடுத்துக்கொள்ளும்போது, தொலைபேசியினால் அதைத் தொட முடியாது. அங்குள்ள செயலிகள் செயலிழந்து நிற்கும். எனவே இரண்டும் ஒரே நேரத்தில் பயன்படுத்தத்தக்க ‘எம்.ரி.பி.’ என்ற முறைக்கு மாறினார்கள். அது கமராக்களுக்காக 2000ஆம் ஆண்டில் வந்த ஒரு தரவிதியை விரித்து, பாட்டுக் கேட்கும் கருவிகளுக்காக மைக்ரோசொப்ட் உருவாக்கியது. ஒரு வேளையில் ஒரு காரியத்தை மட்டுமே அது செய்யும். பல்லாயிரம் படங்களின் பட்டியலைக் கேட்டால் திணறும். சில நூறு பாட்டுகளை ஏற்றி இறக்கப் பிறந்த வழியில் ஒரு குடும்பத்தின் முழு நினைவும் பயணம் செய்கிறது.

2017இல் அப்பிள் நிறுவனம் ‘ஹெயிக்’ என்ற புதிய கோப்பு வகைக்கு மாறியது. படத்தின் பருமன் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது. ஆனால் பழைய கணனிகளால் அதைத் திறக்க இயலவில்லை. 2015 முதல் அதே நிறுவனத்தின் சில படங்கள் ஒரு நிழற்படமும் ஒரு சிறு காணொளியுமாக இரண்டு கோப்புகளாக வருகின்றன. இடத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாட்டை இயக்கியிருந்தாலோ, மூலப்படம் தொலைதூரச் சேர்வரில் இருக்க, தொலைபேசியில் சிறு நகல் மட்டும் தங்கும். வயரை எத்தனை தடவை செருகினாலும் இல்லாத படம் வராது.

இந்தச் சிக்கல்களைக் கண்டு, ஒழுங்குபடுத்தும் பொறுப்பை ஏதாவதொரு மென்பொருளிடம் ஒப்படைத்தவர்கள் மற்றொரு பாடத்தைக் கற்றனர். கூகிள் 2004இல் வாங்கி இலவசமாக வழங்கிய ‘பிகாசா’ பலருக்குப் பிடித்தமானது. முகங்களை அடையாளங்கண்டு பெயரிடவும் அதில் முடிந்தது. 2016இல் அது நிறுத்தப்பட்டது. பிகாசாவில் எழுதிய படக்குறிப்புகள் கோப்புக்குள் இருந்தபடியால் தப்பின. முகங்களுக்கு இட்ட பெயர்களோ வழக்கமாகக் கோப்புக்கு வெளியே வேறு சிறு கோப்புகளில் சேமிக்கப்பட்டமையால், படங்களை மட்டும் பிரதியெடுத்தவர்கள் அவற்றை இழந்தனர். 2015இல் எல்லையற்ற இலவச இடத்துடன் வந்த கூகிள் போட்டோஸ், 2021 ஜூன் 1ஆம் திகதியுடன் அந்தச் சலுகையை நிறுத்திக்கொண்டது.

திகதி இருக்கிறதே, அதுவாவது போதாதா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். இலங்கையரான நமக்கு அதிலும் ஒரு சிக்கல் உண்டு. எக்ஸிப் முறை கமராக் கடிகாரத்தின் நேரத்தை மட்டுமே எழுதியது. எந்த நாட்டு நேரம் என்று எழுதும் இடம் 2016இல்தான் சேர்க்கப்பட்டது. இலங்கையில் மின்சார நெருக்கடியை முன்னிட்டு 1996 மே மாதம் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னகர்த்தப்பட்டன. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி பின்னகர்த்தப்பட்டன. 2006 ஏப்ரலிலேயே பழைய நேரம் திரும்பியது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே வழக்கிலிருந்தது. ஒரே தீவில் இரண்டு கடிகாரங்கள். 2004 டிசம்பர் 26 அன்று காலியிலும் முல்லைத்தீவிலும் எடுக்கப்பட்ட இரு படங்களின் நேரங்களை இன்று ஒப்பிடும் ஆய்வாளர், எந்தக் கமரா எந்த நேரத்தில் ஓடியது என்று அறியாவிடின் அரை மணி நேரம் தவறிவிடுவார். கடல் எப்போது வந்தது என்ற கேள்வியில் அரை மணி சிறிய பிழையன்று. இலண்டனிலிருந்து வந்தவரின் கமராவாயின் பிழை ஆறு மணி நேரமாகிவிடும்.

இதனினும் பெரிய சேதம் பழைய படங்களுக்கு நேர்கிறது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது அல்பங்களைத் தூக்கிச் சென்றவர்களும் உண்டு, விட்டுச் சென்றவர்களும் உண்டு. தப்பிய படங்களை இன்று பிள்ளைகள் தொலைபேசியால் படம்பிடித்து, கனடாவுக்கும் சுவிசுக்கும் வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால் 1968ஆம் ஆண்டுத் திருமணப் படம் ஒன்றை 2019இல் தொலைபேசியால் எடுத்தால், கணனி அதை 2019ஆம் ஆண்டுப் படமாகவே அடுக்குகிறது. வட்ஸ்அப் வழியே அனுப்பும்போது எக்ஸிப் விபரங்களும் களையப்படுகின்றன. பெறுபவரின் அன்ட்ரொயிட் தொலைபேசியில் கோப்பின் பெயராக வருவது அது வந்துசேர்ந்த திகதியே. அல்பத்தின் ஓரத்தில் பாட்டனார் மையால் எழுதிய பெயர்களோ, சட்டத்துக்கு வெளியே வெட்டுப்பட்டுப் போய்விடுகின்றன.

அவ்வாறு வந்த படமொன்றைக் காட்டி, ரொறன்ரோவிலிருக்கும் என் பெறாமகள் கேட்டாள்: “பெரியப்பா, அம்மம்மாவுக்குப் பக்கத்தில நிக்கிறது ஆர்?” எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்கக்கூடிய மூவரும் காலமாகிவிட்டனர். படம் தெளிவாக இருக்கிறது. அந்த மனிதர் தொலைந்துவிட்டார்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகமும் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டதைக் கண்ட சமூகம் நாம். தீயினால் அழிந்ததை அழிவென்று உணர்ந்தோம், எழுதினோம், கணக்கெடுத்தோம். தொலைபேசிப் படங்களின் அழிவுக்குப் புகையில்லை. கோப்பு இருக்கும், படம் திறக்கும், பெயர் மட்டும் போயிருக்கும். ஆதலால் யாரும் பதறுவதில்லை.

செய்யத்தக்கவை சில உண்டு. மாதத்துக்கு ஒரு தடவை, சிறு தொகுதிகளாகப் படங்களைக் கணனிக்குப் பிரதியெடுங்கள். வந்தவற்றைத் திறந்து பார்த்தபின்னரே தொலைபேசியிலிருந்து நீக்குங்கள். ஆண்டு, மாதம், நாள், ஊர் என்ற வரிசையில் கோப்புறைக்குப் பெயரிடுங்கள். திகதி முன்னே நின்றால் கணனியே அவற்றை வரிசைப்படுத்தும். இரண்டாவது பிரதி ஒன்றை வேறொரு வட்டில், வேறொரு வீட்டில் வையுங்கள். பழைய படங்களைத் தொலைபேசியால் எடுக்கும்போது முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் அல்பத்தின் ஓரத்தையும் சேர்த்தெடுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்புவதாயின் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். கோப்பு மாற்றமின்றிப் போகும்.

எல்லாப் படங்களுக்கும் குறிப்பு எழுத இயலாது. பத்திரிகையிலும் 36 படங்களுக்கும் எழுதவில்லை. தேர்ந்தெடுத்த ஒன்றிரண்டுக்கே எழுதினோம். ஆண்டுக்கு ஐம்பது படங்களைத் தேர்ந்து, இடமிருந்து வலமாக யார் யார், எந்த ஊர், எந்த நாள், எடுத்தவர் யார் என்று கோப்பின் குறிப்பிடத்தில் எழுதினாற் போதும். வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் இருந்தால், பழைய அல்பத்துடன் அவரிடமிருந்தே தொடங்குங்கள். தொலைபேசியிலுள்ள படங்கள் அடுத்த மாதம் வரை காத்திருக்கலாம்.