அரை ஆயுள் என்னும் கணக்கு

செர்னோபில் என்று பேச்செடுத்தால் நண்பர்கள் இப்போது ஓநாய்களைக் காட்டுகிறார்கள். 'பாருங்க, இயற்கை தன்னைத் தானே சரி பண்ணிக்கிச்சு' என்கிறார்கள். இந்தச் சொல்லாடல் யாருக்கு உதவுகிறது என்பதே என் கேள்வி.

1986 ஏப்ரல் 26 அதிகாலை நான்காவது உலை வெடித்தது. பக்கத்திலிருந்த பிரிப்யாத் நகரை மறுநாள் பிற்பகல்தான் காலி செய்தார்கள். ஸ்வீடனில் கருவிகள் காட்டிக்கொடுத்த பிறகே, 28ஆம் தேதி இரவு, மாஸ்கோ வாய் திறந்தது. மே 1 அன்று கீவ் நகரில் குழந்தைகளோடு ஊர்வலம் நடந்தது. அயோடின்-131இன் அரை ஆயுள் வெறும் 8 நாள். மூன்று மாதத்தில் அநேகமாக மறைந்துவிடும். ஆனால் அது புல்லில் விழுந்து, பசுவுக்குள் போய், பாலில் இறங்கிக் குழந்தைகளின் தைராய்டில் தங்கியது இந்த மௌனத்தின் நாட்களில்தான். பின்னால் ஆயிரக்கணக்கானோருக்கு வந்த தைராய்டு புற்றுநோயில் கணிசமான பங்கு அந்தப் பாலுடையது. இதை அரை ஆயுளின் எந்த அட்டவணையில் சேர்ப்பது?

சீசியம்-137க்கு 30 ஆண்டு. 2016இல் பாதி தீர்ந்தது. மீதியில் பாதி தீர இன்னொரு 30. ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய 300. புளூட்டோனியம்-239க்கோ 24,000 ஆண்டு. மனிதர் எழுதக் கற்றே ஐயாயிரம் சொச்சம்தான் ஆகிறது.

சரி, தகவமைவுக்கு வருவோம். உலையருகே பைன் காடு சிவந்து செத்தது, வெட்டிப் புதைத்தார்கள். விலக்கப்பட்ட பகுதியின் மரத்தவளைகள் வெளியிலுள்ளவற்றைவிடக் கருத்திருப்பதாக 2022இல் ஓர் ஆய்வு வந்தது. மெலனின் மிகுந்த கருந்தவளைகள் தொடக்கத்தில் அதிகம் பிழைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர் ஊகம். அப்படியானால் பச்சைத் தவளைகள் செத்திருக்கின்றன. 'தகவமைவு' என்ற சொல் பிழைத்தவர்களின் வரலாற்றை மட்டும் எழுதுகிறது. வரலாற்றெழுத்தில் நமக்குப் பழகிய தந்திரம்தானே இது!

ஓநாய்கள்? 1988இல் உருவான பெலாரஸ் பக்கத்துக் காப்பகத்தில், பிற காப்பகங்களைவிட ஏழு மடங்குக்கும் மேல் ஓநாய்கள் என்கிறது 2015இன் ஆய்வு. துப்பாக்கியும் கலப்பையும் அங்கிருந்து போய்விட்டன, அவ்வளவுதான். பறவைகளும் பூச்சிகளும் குறைந்துவிட்டன என்று மூசோவும் மோலரும் எழுதியதை வேறு சிலர் மறுக்கிறார்கள், சண்டை தீரவில்லை. 1986இல் வெளியேற்றப்பட்ட 1,16,000 பேரை இந்த அழகான கதை, ஓநாய்க்கு இடம்விட்டுப் போனவர்களாக ஆக்கிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. புளூட்டோனியம்-241 சிதைந்து அமெரிசியம்-241 ஆகிறது. அதன் அரை ஆயுள் 432 ஆண்டு. சீசியம் குறையக் குறைய, அந்த மண்ணில் இது கூடிக்கொண்டிருக்கிறது. இந்த நூற்றாண்டின் நடுப்பகுதி தாண்டும்வரை கூடும். 2022இல் ரஷ்யப் படையினர் பதுங்குகுழி தோண்டியது அந்த மண்ணில்தான்.